ஒரு எக்ஸ்பிக்காக சர்வரின் பூட்டைக் கழற்றலாமா?

கேள்வி: வணக்கம் சார். தக்கலைக்குப் பக்கத்தில் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்டு, கோயில் கொடைவிழா நோட்டீஸ், சர்ச் திருவிழா அழைப்பிதழ், இவைதான் பெரும்பாலும் வேலை. பத்தொன்பது வருஷமாக டிடிபி பார்க்கும் அக்கா இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பியில், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் அடிக்கிறார். ஃபைல்களை எல்லாம் இன்னொரு பழைய கம்ப்யூட்டரில் ஷேர் செய்து வைத்திருந்தோம். போன ஐப்பசியில் விழுந்த இடியில் அது போய்விட்டது. நல்லவேளை, டிஸ்க் தப்பியது. நாகர்கோவிலிலிருந்து ஒரு தம்பி வந்து, உபுண்டு என்ற லினக்ஸ் போட்டுப் புது சர்வர் வைத்துத் தந்தார். கவுண்டரில் இருக்கும் இரண்டு விண்டோஸ் 11-ம் ஒரு விண்டோஸ் 7-ம் சர்வரோடு நன்றாக ஓடுகின்றன. எக்ஸ்பி மட்டும் 'அந்தப் பெயரில் நெட்வொர்க்கில் எதுவும் இல்லை' என்கிறது. தம்பி சர்வரில் ஏதோ ஒரு வரியை மாற்றினார். சர்வர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் பாஸ்வேர்டை எத்தனை தடவை போட்டாலும் திரும்பத் திரும்பக் கேட்கிறது. 'பாஸ்வேர்டே இல்லாமல் திறந்துவிடலாம் அண்ணே' என்கிறார். இன்னொருவர் எக்ஸ்பியைத் தூக்கிப் போடச் சொல்கிறார். அக்காவோ, 'இந்த சிஸ்டம் போனால் நானும் போறேன்' என்கிறார். என்ன செய்ய?

பதில்:

அண்ணாச்சி, பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கவே வேண்டாம். தம்பி மாற்றிய அந்த ஒரு வரியையும் இன்றைக்கே பழையபடி ஆக்கச் சொல்லுங்கள். அதற்காக அக்காவின் எக்ஸ்பியைக் கழிக்கவும் வேண்டாம். இரண்டையும் செய்யாமல் வேலை நடக்க ஒரு வழி இருக்கிறது. அதற்குத் தேவை ஒரு நெட்வொர்க் கார்டு, ஒரு கேபிள், தம்பியின் அரை நாள் வேலை, அவ்வளவுதான். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரியாமல் செய்தால் ஆறு மாதம் கழித்து வேறு யாராவது வந்து மறுபடியும் திறந்துவிட்டுப் போவார்கள்.

ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் ஃபைலைக் கேட்டு வாங்கும் பேச்சுக்கு எஸ்எம்பி என்று பெயர். 2001-ல் வந்த எக்ஸ்பிக்கு அதில் முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பு வந்தது, விண்டோஸ் 7-ல் 2.1, விண்டோஸ் 8-ல் 3.0, விண்டோஸ் 10-ல் 3.1.1. இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசத் தொடங்கும்போது, இரண்டுக்கும் தெரிந்தவற்றில் எது புதியதோ அதில் பேசிக்கொள்ளும். அதனால்தான் விண்டோஸ் 7 உங்களுக்கு ஒரு தொல்லையும் தரவில்லை. எக்ஸ்பி மட்டும் முதல் பதிப்பில் கூப்பிடுகிறது, சர்வர் அதற்குப் பதிலே சொல்வதில்லை. 'அந்தப் பெயரில் எதுவும் இல்லை' என்று எக்ஸ்பி சொல்வது அதனால்தான். கேபிளிலோ சுவிட்சிலோ குறை இல்லை.

உபுண்டுவில் இந்த வேலையைச் செய்வது சம்பா என்ற இலவச மென்பொருள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992 வாக்கில் தொடங்கி வைத்தது. 2019 செப்டம்பரில் வந்த சம்பா 4.11 முதல், எஸ்எம்பி முதல் பதிப்பைத் தானாக ஏற்காதபடி அடைத்துவிட்டார்கள். உபுண்டு 20.04-ம் அதற்குப் பின்னால் வந்தவையும் அப்படித்தான் வருகின்றன. மைக்ரோசாப்டும் 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-ன் 1709 பதிப்பிலிருந்து இதைப் படிப்படியாகக் கழற்றத் தொடங்கிவிட்டது. ஆக, உங்கள் தம்பி எதையும் தப்பாகப் போடவில்லை. அவர் மாற்றிய வரி, 'என்டி1' என்ற அந்தப் பழைய பேச்சையும் ஏற்றுக்கொள் என்று சம்பாவுக்குச் சொல்வது.

அதில் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். 2017 மே 12 அன்று உலகம் முழுக்கப் பரவிய வன்னாக்ரை என்ற கெடுநிரல், விண்டோஸில் இருந்த எஸ்எம்பி முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்துவிட்டது. அப்படியிருந்தும் மைக்ரோசாப்ட் எக்ஸ்பிக்கென்று தனியாக, அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஒன்றை வெளியிட வேண்டி வந்தது. அது உங்கள் எக்ஸ்பியில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அந்த ஓட்டை விண்டோஸில் இருந்தது, சம்பாவில் இல்லை. என்டி1 வரியைப் போட்டவுடன் உபுண்டு சர்வரில் வன்னாக்ரை ஏறிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் அது சரியல்ல. ஆனால் முதல் பதிப்பில் போகும் பேச்சு கேபிளில் மறைவில்லாமல் போகிறது. நடுவில் யாராவது புகுந்து மாற்றினாலும் கண்டுபிடிக்கும் ஏற்பாடு பலவீனம். அதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. இந்த ஒரு வரியோடு யாரும் நிறுத்துவதில்லை.

உங்களுக்கே அது நடந்துகொண்டிருக்கிறது, பாருங்கள். வரியை மாற்றினார், சர்வர் தெரிந்தது, பாஸ்வேர்டு ஏறவில்லை. எக்ஸ்பி தன் போக்கில் விட்டால் பாஸ்வேர்டை எல்எம், என்டிஎல்எம் என்ற இரண்டு பழைய முறைகளில் அனுப்பும். எல்எம் முறை, நீங்கள் வைத்த பாஸ்வேர்டை எல்லாம் பெரிய எழுத்தாக்கி, ஏழு ஏழு எழுத்தாக இரண்டு துண்டு போட்டுவிடும். இன்றைய கம்ப்யூட்டர் ஒன்று அதை உடைக்க அதிக நேரம் ஆகாது. அதனால் 2016-ல் வந்த சம்பா 4.5 முதல் இந்தப் பழைய முறைகளையும் ஏற்பதில்லை. அக்கா பாஸ்வேர்டைச் சரியாகத்தான் போடுகிறார், அது போய்ச் சேரும் விதம்தான் சர்வருக்குப் பிடிக்கவில்லை. இந்த இடத்தில் அலுத்துப்போய், 'சரி, பாஸ்வேர்டையே எடுத்துவிடுவோம்' என்று முடிவு செய்வதுதான் வழக்கமாக நடப்பது.

நானும் அப்படிச் செய்திருக்கிறேன். 2018-ல் இந்த மாவட்டத்திலேயே ஒரு முந்திரித் தொழிற்சாலையின் அலுவலகத்தில், எடைமேடையோடு இணைந்த ஒரே ஒரு எக்ஸ்பிக்காக முதல் பதிப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு ஏறவில்லை. மாலை ஆறு மணி, லாரி காத்து நிற்கிறது. விருந்தாளிக் கணக்கில் எழுதும் அனுமதியோடு ஃபோல்டரைத் திறந்துவிட்டேன். 'நாளைக்கு வந்து சரி பண்ணுறேன்' என்று சொல்லிவிட்டு வந்தேன், போகவில்லை. எட்டு மாதம் கழித்து, கணக்குப் பார்க்க வந்தவரின் மடிக்கணினியில் இருந்த, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ஒரு ரான்சம்வேர் அந்தத் திறந்த ஃபோல்டரை முழுக்கப் பூட்டிவிட்டது. மூன்று வாரக் கணக்கைத் துண்டுச் சீட்டுகளைப் பார்த்து மறுபடியும் ஏற்றினார்கள். அங்கே வேலை பார்த்த பெண் இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. எக்ஸ்பி அந்த நாசத்தைச் செய்யவில்லை. எக்ஸ்பிக்காக நான் திறந்துவிட்டு மறந்த கதவு செய்தது.

அங்கே நான் செய்திருக்க வேண்டியது இதுதான். உங்கள் தம்பிக்கும் உதவும், சொல்லிவிடுங்கள். எக்ஸ்பிக்கு என்டிஎல்எம் இரண்டாம் பதிப்பு தெரியும். தெரிந்தும் தானாகப் பயன்படுத்தாது. எக்ஸ்பி புரொஃபஷனல் என்றால் கண்ட்ரோல் பேனலில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டூல்ஸ், அதில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசி, அதில் செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ் என்று போனால் 'லேன் மேனேஜர் ஆதென்டிகேஷன் லெவல்' என்று ஒன்று இருக்கும். 'என்டிஎல்எம்வி2 மட்டும் அனுப்பு' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹோம் பதிப்பில் இந்தப் பக்கம் இருக்காது. அதில் ரெஜிஸ்ட்ரியில் எல்எஸ்ஏ என்ற இடத்தில் 'எல்எம் கம்பாட்டிபிலிட்டி லெவல்' மதிப்பை 3 ஆக்கிவிட்டு ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். பாஸ்வேர்டு சண்டை அதோடு தீரும். ஆனால் உங்கள் இடத்துக்கு இதுவும்கூட நான் சொல்லப்போகும் வழி அல்ல. இதில் சர்வர் முதல் பதிப்பைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

சரி, வழிக்கு வருவோம். இதுவரை எக்ஸ்பி போய் சர்வரின் கதவைத் தட்டியது. இனி சர்வர் போய் எக்ஸ்பியின் கதவைத் தட்டட்டும். முழு யோசனையும் இதுதான். சர்வர் தன் ஃபைல்களை ஊருக்குக் கொடுக்கும் வாசலில் புதிய பதிப்புகளை மட்டுமே பேசும், அதில் மாற்றமில்லை. எக்ஸ்பியின் ஒரு ஃபோல்டரிலிருந்து எடுக்கவும் அதில் வைக்கவும் மட்டும் சர்வர் தானே பழைய பேச்சைப் பேசிக்கொள்ளும். உபுண்டுவில் எக்ஸ்பியின் ஷேரை 'பதிப்பு 1.0' என்று குறிப்பிட்டு இணைக்கலாம். தம்பிக்கு இது தெரிந்திருக்கும்.

சர்வரில் இரண்டாவதாக ஒரு நெட்வொர்க் கார்டு போடுங்கள், சில நூறு ரூபாய்தான். அதிலிருந்து ஒரு கேபிள் நேராக எக்ஸ்பிக்குப் போகட்டும், நடுவில் சுவிட்ச் வேண்டாம். இப்போதைய கிகாபிட் கார்டுகள் நேர்க் கேபிள், குறுக்குக் கேபிள் பேதத்தைத் தாங்களே சரிசெய்துகொள்ளும், சாதாரண கேபிள் போதும். சர்வர் பக்கம் 192.168.50.1, எக்ஸ்பி பக்கம் 192.168.50.2. எக்ஸ்பியில் கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் காலியாக இருக்க வேண்டும். அப்புறம் சர்வரின் ஃபயர்வாலில், இந்தக் கார்டு வழியாக எக்ஸ்பி தொடங்கும் எந்த இணைப்பையும் ஏற்காதே என்று போடச் சொல்லுங்கள். சர்வர் தொடங்கிய பேச்சுக்குப் பதில் மட்டும் வரலாம். இதற்குப் பிறகு எக்ஸ்பிக்கு இணையமும் இல்லை, கவுண்டர் கம்ப்யூட்டர்களும் கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்கு வருகிறவரைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசி அனுப்புவது போலத்தான்.

எக்ஸ்பியில் இரண்டு ஃபோல்டர்: 'வந்தது', 'முடிந்தது'. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமோ, போன வருஷக் கொடை நோட்டீஸின் ஃபைலோ அக்காவுக்கு வேண்டுமென்றால், கவுண்டரில் இருப்பவர் சர்வரில் அதே பெயருள்ள ஃபோல்டரில் போடுவார். சர்வர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதை எக்ஸ்பியின் 'வந்தது' ஃபோல்டரில் கொண்டுபோய் வைக்கும். அக்கா வேலையை 'முடிந்தது' ஃபோல்டரில் சேமிப்பார், சர்வர் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். கவனிக்க வேண்டியது ஒன்று: எக்ஸ்பியில் அழிந்தால் சர்வரிலும் அழி என்று மட்டும் போடவே கூடாது. ஃபைல் மாறினால் பழைய நகலைத் தேதியோடு ஒதுக்கி வைத்துவிட்டுப் புதியதை எடுக்கட்டும். கொடைக்கு வரி கொடுத்த வரிதாரர் பட்டியலில் இருபது பெயரைத் தெரியாமல் அழித்துச் சேமித்துவிட்டாலும் காலை வடிவம் கையில் இருக்கும். வரிதாரர் பெயர் விட்டுப்போன நோட்டீஸ் ஊருக்குள் என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேஜ்மேக்கரில் திறந்து வைத்திருக்கும் ஃபைல் அந்தச் சுற்றில் நகலாகாமல் போகலாம். மூடியதும் அடுத்த சுற்றில் வரும். அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முதல் நாளே 'வரலையே' என்று பதறுவார். எக்ஸ்பியில் 'சிம்பிள் ஃபைல் ஷேரிங்' என்பதை எடுத்துவிட்டு, சர்வருக்கென்று தனியாக ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வைக்க வேண்டும். இது புரொஃபஷனலில்தான் முடியும். உங்களிடம் இருப்பது ஹோம் பதிப்பு என்றால் தம்பி அந்தத் தனிக் கேபிளில் எஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் முறையை வைத்துச் செய்யலாம். எஃப்டிபி மறைவில்லாத பழைய முறைதான், ஆனால் இரண்டு மீட்டர் கேபிளில் வேறு யாரும் இல்லாதபோது எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஹோம் பதிப்பில் எஃப்டிபி சர்வர் கூடவே வராது, அதற்கென்று ஒரு மென்பொருளை எக்ஸ்பியில் போட வேண்டும்.

இரண்டு சின்ன விஷயம், ஆனால் வேலையைக் கெடுக்கக்கூடியவை. ஒன்று, எக்ஸ்பியின் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவப் பேட்டரி. அது தீர்ந்திருந்தால் ஒவ்வொரு காலையும் தேதி இருபது வருஷம் பின்னால் போய் நிற்கும். இணையம் இல்லாததால் அது தானாகச் சரியாகவும் செய்யாது. 'புதிய தேதி உள்ளதை மட்டும் எடு' என்று தம்பி எழுதி வைத்திருந்தால், இன்றைக்கு முடித்த கல்யாணக் கார்டு பழையது என்று சர்வர் ஒதுக்கிவிடும். பேட்டரியை மாற்றுங்கள், தேதியை நம்பாமல் மாறியது எல்லாவற்றையும் எடுக்கும்படி எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று, பாமினியில் புள்ளி வைக்க செமிகோலன் விசையைத்தான் தட்டுவோம். பல அச்சகங்களில் ஃபைலின் பெயரையும் அப்படியே பாமினியில் அடித்து வைத்திருப்பார்கள். சேமித்த பெயரில் ஆங்கில எழுத்தும் செமிகோலனுமாகக் கிடக்கும். விண்டோஸுக்கு அதில் சிக்கல் இல்லை. லினக்ஸின் கட்டளை வரியில் செமிகோலன் என்றால் 'இங்கே கட்டளை முடிந்தது' என்று பொருள். பெயரை மேற்கோள் குறிக்குள் வைக்காமல் தட்டினால் பாதியிலேயே வெட்டுப்படும். நகல் எடுக்கும் நிரலை எழுதும்போது தம்பி இதை நினைவில் வைத்தால் போதும்.

பென் டிரைவ் பற்றிக் கண்டிப்பாக இருங்கள். எக்ஸ்பியின் முகப்பில் உள்ள யுஎஸ்பி துளைகளை டேப் ஒட்டி மூடினாலும் தப்பில்லை. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவ் எதுவாக இருந்தாலும் கவுண்டரில் உள்ள விண்டோஸ் 11-ல்தான் செருக வேண்டும். பட்டர் ஷீட் எடுக்கும் பழைய லேசர் பிரிண்டர் எக்ஸ்பியோடு நேராக இணைந்திருக்கிறது என்றால் அதில் ஒன்றும் மாறாது.

கவுண்டர் கம்ப்யூட்டர்களில் ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் 'எஸ்எம்பி 1.0' என்று ஒரு பெட்டி இருக்கும். எக்ஸ்பியைச் சேர்க்கிறேன் என்று யாராவது அதில் டிக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அதற்குள்ளேயே 'தானாக நீக்கு' என்று ஒரு துணைப்பெட்டியும் உண்டு. அது இயங்கும் கம்ப்யூட்டரில் முதல் பதிப்பை மொத்தம் 15 நாள் பயன்படுத்தாமல் இருந்தால் விண்டோஸே கழற்றிவிடும். 'நேற்றுவரை ஓடியது, இன்றைக்கு ஓடவில்லை' என்று எனக்கு வரும் அழைப்புகள் சிலவற்றுக்கு இதுதான் காரணம். விண்டோஸ் 7-க்கு இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். அதற்கும் 2020 ஜனவரியோடு ஆதரவு முடிந்துவிட்டது, அடுத்த செலவு அதற்காக இருக்கட்டும்.

அக்காவைப் பற்றி. தூக்கிப் போடச் சொன்னவர் கம்ப்யூட்டரை மட்டும் பார்க்கிறார். பத்தொன்பது வருஷமாக விரலில் ஏறிய வேகம் ஒரு நாளில் வேறு விசைப்பலகைக்கு மாறாது. கொடை சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை நோட்டீஸ் என்பது அந்த விரல்களில்தான் இருக்கிறது. ஆனால் பேஜ்மேக்கர் 7-தான் கடைசி, அது வந்தது 2001-ல், இன்றைக்கு எங்கும் ஓடும் யூனிகோடு எழுத்து முறை அதற்குத் தெரியாது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைன் மென்பொருளின் இப்போதைய பதிப்பு பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்காது, சிஎஸ்6 வரைதான் திறந்தது. எனவே அடிக்கடி திரும்பி வரும் நோட்டீஸ்களை, அவசரம் இல்லாத மாதங்களில், ஒவ்வொன்றாகப் புதியதில் ஏற்றத் தொடங்குங்கள். இ-கலப்பை போன்ற மென்பொருளில் பாமினி விசைப்பலகை அமைப்பிலேயே யூனிகோடு தட்டலாம். அக்காவின் கை அதே இடத்தில் போகும், திரையில் வருவது மட்டும் புதிய எழுத்து. அவரைக் கவுண்டர் கம்ப்யூட்டரில் ஒரு மதியம் உட்கார வைத்து, அவர் பெயரையும் ஊரையும் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். மாறச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், காட்டினால் போதும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்றைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அந்த எக்ஸ்பிக்கு உள்ளே இருப்பது அநேகமாகப் பழைய ஐடிஇ டிஸ்க். இடியில் ஒரு கம்ப்யூட்டர் போயிருக்கிறது, அதே லைனில் இருந்த இன்னொன்றும் அடி வாங்கியிருக்கலாம். மூடியைக் கழற்றி மதர்போர்டில் சின்ன டப்பா போல நிற்கும் கபாசிட்டர்களின் தலை வீங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீங்கியிருந்தால் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, இரண்டுக்கு முன்னாலும் இடி உண்டு. தம்பி அடுத்த முறை வரும்போது வேறு எதையும் தொடுவதற்கு முன், க்ளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருள் கொண்டு அந்த டிஸ்க்கின் முழு நகலை எடுத்து சர்வரில் வைக்கட்டும். இன்னொரு நகல் ஒரு வெளி டிஸ்க்கில், உங்கள் வீட்டு அலமாரியில். மதர்போர்டு ஒருநாள் போய்விட்டாலும் அந்த நகலை வர்ச்சுவல் மெஷினாக, அதாவது கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டராக, புதிய கம்ப்யூட்டருக்குள் எழுப்பிப் பார்க்க வழி இருக்கும். மறுபடி ஆக்டிவேஷன் கேட்கலாம், எக்ஸ்பி வாங்கியபோது வந்த சீட்டும் சிடியும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பேஜ்மேக்கர் சிடியையும் பாமினி எழுத்துரு ஃபைல்களையும் அதோடு சேர்த்து வையுங்கள். நகல் எடுத்த பிறகு, அதில் ஒரு பழைய கல்யாணக் கார்டைத் திறந்து எழுத்து சரியாக வருகிறதா என்று அக்காவையே பார்க்கச் சொல்லுங்கள். அவர் 'சரியா இருக்கு' என்று சொன்ன பிறகு நெட்வொர்க் கார்டு வாங்கப் போகலாம்.